எண்பது

நோன்புப் பெருநாளன்று பிற்பகல், ஜகார்த்தாவில் தெபெட் பக்கத்துத் தெருக்களில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் மடிக்கணினி, அதோடு இணைத்த ஒரு சாதாரண போன். போன் ஓயாமல் எதையோ இறக்கிக்கொண்டிருந்தது. திரையில் இணைய வேகம் எண்பது மெகாபிட்டை விட்டு இறங்கவில்லை. வேலை நாளில் இதே தெருவில் முப்பதைத் தொட்டாலே எங்கள் கருவிக்கு மாலை போடலாம். ஊரில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். சாப்பாட்டுக் கடை, சலவைக் கடை எல்லாம் பூட்டு. செல்போன் டவருக்கும் வேலை இல்லை.

இந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் மேலாளர் பாக் ஹந்தோயோ; பாக் என்றால் இங்கே ஐயா. நாங்கள் டவர் கருவி விற்கிறவர்கள். வாங்குவது போன் கம்பெனிகள். ஆய்வுக்கூடத்து எண்ணைக் காட்டினால் இப்போதெல்லாம் சிரிக்கிறார்கள், நிஜத் தெருவில் என்ன வருகிறதென்று கேட்கிறார்கள்.

"நாம பொய் சொல்லலியே வாசிஸ்," என்றார் பாக். "தெரு நிஜம், போன் நிஜம், ஓடுற காரும் நிஜம். எப்படியும் நீ ஊருக்குப் போகப்போறதில்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்றது. என் மனைவி மிராந்தி மகளைக் கூட்டிக்கொண்டு கிளாத்தெனில் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. பெருநாளுக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு, "வேல நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் வாங்க. அம்மா வாயில என்னால விழ முடியாது" என்று எழுதினாள். இந்த ஒப்பந்தம் கிடைத்தால் என்னை நிரந்தரமாக்குவதாக பாக் வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே ஓட்டினேன்.

சும்மா சொல்லக்கூடாது, எண்பது அருமையான வேகம். வீடியோவில் கூப்பிட்டால் எதிராளியின் மூக்குத்துளை வரை தெரியும். டவரடியில் காரை நிறுத்தி பிஸ்கட் தின்றேன். பெருநாள் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டுச் செய்திகள் குவிந்தன. எல்லாமே எல்லோருக்கும் அனுப்பியவை. எனக்கென்று ஒன்றும் வரவில்லை. அழுகை வந்தது. அழ வெட்கமாக இருந்ததால் மறுபடி ஓட்டினேன்.

விடுமுறை முடிந்ததும் கூட்டம். வாங்குகிறவர்கள் பக்கம் இபு எல்வினா, அதாவது எல்வினா அம்மா. வியாபாரத்துக்குப் பேர்போன பதாங்கில் பிறந்த அம்மாள், பேரத்தில் கில்லாடி என்று பெயர். பாக் திரையில் எண்பதைப் பெரிய எழுத்தில் காட்டினார்.

"ஓட்டினது நீங்கதானா, மாஸ்?" என்று அண்ணன் முறை சொல்லி என்னைக் கேட்டார்.

"ஆமா, இபு."

"பெருநாள் அன்னிக்கா? மூலையில தேதி இருக்கு."

"எங்க பசங்களுக்கு ஏது லீவு?" என்று பாக் சிரித்தார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்து, "அன்னிக்கு அந்த டவர்ல வேற யாரு இருந்தா?" என்றார்.

வழக்கம்போல நிறைய போன்கள் இருந்தன என்று சொல்லவேண்டும். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மேஜைக்கடியில் பாக்கின் ஷூ என் காலை மிதித்தது.

"யாரும் இல்ல, இபு. நான் மட்டுந்தான் இருந்தேன்."

குரல் உடைந்துவிட்டது. அவர் டவரைப் பற்றித்தான் கேட்டார். பெருநாளன்று நான் யாரோடு இருந்தேன் என்று ஒருவராவது கேட்டார்களே என்றுதான் எனக்குப் பட்டது.

அவர் தன் நாட்குறிப்பைத் திறந்து பார்த்தார். பிறகு, "நாளைக்குச் சாயங்காலம் அதே தெருவுல ஓட்டுங்க. நானும் வர்றேன்," என்றார்.

மறுநாள் பாக் என் முகத்தைப் பார்க்கவில்லை. 'வேலை என்ன ஆச்சு?' என்று மிராந்தி கேட்டிருந்தாள். பதில் போடவில்லை.

சாயங்காலம் தெபெட்டில் கார் நகரவே இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு இபு எல்வினா எண்களை வாய்விட்டுப் படித்தார். முப்பது. பத்தொன்பது. பதினொன்று. எங்கள் கண்ணாடியை உரசினாற்போல் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் நின்றார். கைப்பிடியில் மாட்டியிருந்த அவர் போனில் ஒரு சிறுமியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து நின்றது. அவர் அதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்:

"வந்துக்கிட்டே இருக்கேம்மா. கேக்குதா? வந்துக்கிட்டே இருக்கேன்."