சொல்லாமல் வந்தவர்

1

இந்தக் கதை எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் போகும் டவுன் பஸ்ஸில் என் காதில் விழுந்தது. பகல் பதினோரு மணி. வண்டியில் அறுபது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் டிரைவரும் கண்டக்டரும்தான்.

"ஏனுங்க ஆயா, இன்னிக்கு எந்தூரு எழவுங்க?" என்றார் கண்டக்டர், முன்சீட்டு அம்மாளிடம்.

"எழவில்லீங்க சாமி. எங்கக்கா உசுரோடதான் இருக்கறா. அதுதான் இப்பத் தொந்தரவு."

அதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. மீதியை நானேதான் பேசவைக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'சிறுநகரங்களில் முதியோர் பெருகப் பெருக அவர்களின் பயணங்கள்…'

(வேண்டாம். இப்படி யாரும் பேசுவதில்லை.)

அந்த அம்மாளுக்குச் சென்னியம்மாள் என்று பெயர் வைக்கிறேன். எழுபத்து நான்கு வயது. மகன் பெங்களூரில். ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்து என்று பஸ் ஏறியவர். இப்போது ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் எழவு. இந்த வருஷம் மட்டும் பதினோரு சாவு வீடு.

(சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வாரேன்' சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்துவிட வேண்டும். வேறெந்த வீட்டிலும் அதைச் சொல்லாமல் கிளம்பக் கூடாது. தெரியாதவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.)

3

அக்கா வள்ளியாத்தாள் நாமகிரிப்பேட்டையில் தனியாகப் படுக்கையில் கிடந்தார். சென்னியம்மாள் பார்க்கப் போனார், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். பஸ்ஸுக்கு நேரமானதும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, திரும்பிப் பாராமல் வாசலைத் தாண்டினார். பழக்கம்.

மறுநாள் காலை போன்.

"ஏஞ்சென்னி, நான் செத்துப் போயிட்டனா?"

"என்ன பேச்சுக்கா இது?"

"ஒரு வார்த்தை சொல்லாம எந்திரிச்சுப் போனியே. என்ற ஊடு எழவு ஊடா உனக்கு?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு…"

"பொய் சொல்லாத. உள்ள வாரப்பவே உன்ற மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு."

"இப்பச் சொல்றன். வாரேன்க்கா, வாரேன்."

"போன்லயா? நேர்ல வந்து உக்காரு, எந்திரி, அப்பறம் சொல்லு. அது வரைக்கும் கஞ்சி எறங்காது எனக்கு."

(ஒரு வார்த்தைக்காக ஒருவர் பட்டினி கிடப்பாரா? சந்தேகப்பட்டு இதை அடித்தேன். என் வயதுக்காரிகளை நினைத்துப் பார்த்துத் திரும்பச் சேர்த்தேன்.)

4

ஒரு முடிவு: தங்கை வந்து சேர்கிறார். அக்கா கஞ்சி குடிக்கிறார். இருவரும் அழுது…

(எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த ஊருக்கு இரண்டு இடத்தில் பஸ் மாற வேண்டும்.)

ராசிபுரம் பஸ் ஸ்டாண்ட். டிக்கெட் இலவசம்; படி மட்டும் முழங்கால் உயரம்.

"ஏறுங்க ஆயா, டைமாச்சு."

"காலு தூக்க வல்லீங்க சாமி. கொஞ்சம் கை குடுங்க."

"பின்னால வண்டி வருதுங்க, அதுல வாங்க."

விசில். அடுத்த வண்டியும் அப்படியே போயிற்று. மூன்றாவதில் பூக்காரி ஒருத்தி பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிட்டாள்.

நாமகிரிப்பேட்டையில் அக்கா வீட்டு வாசல் நிறையச் செருப்புகள்.

பக்கத்து வீட்டு அகல்யா சொன்னாள்: "ஒரு மணி நேரந்தான் ஆச்சுங்க. 'சென்னி வந்துட்டாளா, வந்துட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

5

சென்னியம்மாள் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். பொழுது சாய்கிறது. கடைசி டவுன் பஸ்ஸுக்கு எழுந்தாக வேண்டும். அக்கா கேட்டது ஒரே வார்த்தை. அதை இந்த வீட்டில் இனிச் சொல்லக் கூடாது. சொன்னால், படுத்திருப்பவரிடம் 'நானும் பின்னாலேயே வருகிறேன்' என்று சொன்னதாகவும் ஆகும்.

கையை ஊன்றி எழுகிறார். வாயைத் திறக்கிறார்.

எனக்கு இதற்குமேல் காது கேட்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் நீங்கள். என்ன சொன்னார்?