ஞாயிற்றுக்கிழமை ஸியாரம்

மையத்தைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் ஒழுங்கை முனையில் திரும்பியதும் நளீபா முன்கதவைச் சாத்தினாள். கலிமா சொல்லும் ஓசை கொட்டாஞ்சேனைத் தெருவின் இரைச்சலோடு போய்விட்டது.

உள்ளறையில் றஸ்மியா வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். இத்தா தொடங்கிவிட்டது, இனி மாதக்கணக்கில் வாசற்படி தாண்ட முடியாது. அன்று சுபஹுத் தொழுகைக்கு எழுந்து, கைகால் கழுவி வுழூச் செய்யக் குந்திய கணவர் பதியுதீன் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"நாளைக்கு விடிய இவர ஸியாரத்துக்கு அனுப்பப் போறேன், மதினி," என்றாள் நளீபா. பதியுதீனை நானா என்று அழைக்கும் தங்கை அவள். 'இவர்' அவள் கணவர் ஜாபிர். "நாப்பதாம் நாள் கத்தத்த அங்கயே ஓதுறதுக்குச் சொல்லி வைக்கட்டும். நானா ஒரு ஞாயித்துக்கிழமையும் தவறவிடாத இடம். அங்க ஓதுற லெப்பைக்கு நானாவ நல்லாத் தெரிஞ்சிரிக்கும்."

றஸ்மியாவுக்குத் தெரியும்: அந்த லெப்பை பதியுதீனைக் கண்ணாலும் கண்டதில்லை.

கலியாணமாகிச் சில வருஷங்கள் பிள்ளை இல்லாமற் போகவே, ஸியாரத்தில் அடங்கியிருக்கும் அவுலியாவிடம் கேட்டுவரும்படி, பதியுதீனின் உம்மாவான மாமிதான் இருவரையும் அனுப்பிவைத்தாள். மருதானையில் கோச்சி ஏறி, சின்ன ஸ்டேஷன் ஒன்றில் இறங்கி, அரசாங்கம் பலகை அடித்துக் காத்துவந்த காட்டுக்கூடாக நடந்தால் ஸியாரம். முதல் ஞாயிறு பாதி வழியில் சருகுமான் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது போகும்வரை நின்றார்கள், திரும்பும் கோச்சிக்கு நேரமாகிவிட்டது. "அடுத்த கிழமை போவோம்," என்றார் பதியுதீன். அடுத்த கிழமை ஒரு மரங்கொத்தி மறித்தது. அதற்கடுத்த கிழமை மலையணில். அவுலியா பாவம், காத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் வாய் திறக்காத மனிதர் அந்த மரங்களுக்குக் கீழே ஓயாமல் கதைப்பார். அவள் முக்காட்டைத் தோளில் விட்டுவிட்டு அண்ணாந்தபடி நடப்பாள். காட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றால் மாமி விடுவாளா? திரும்பும்போது ஸ்டேஷன் கடையில் பொரியும் பேரீச்சம்பழமும் வாங்குவார்கள். மாமி அதை ஸியாரத்தில் ஓதிய நார்சா என்று கண்ணில் ஒற்றி ஒழுங்கை முழுக்கப் பங்கிடுவாள். அந்த ஞாயிறுகள்தான் றஸ்மியாவின் வாழ்க்கை, மற்றதெல்லாம் சமையல்.

ஜாபிர் போய் விசாரித்தால், கபன் துணியிட்ட மனிதர் பொய்யர் ஆகிவிடுவார்.

"அவர அனுப்பாதீங்க, நளீபா. நாங்க அங்க போகல்ல."

"எப்ப?"

"ஒரு நாளும்."

"அப்ப எங்க போன?"

"காட்டுக்குள்ள நடந்த. குருவி பாத்த."

நளீபா மெல்லப் பாயில் உட்கார்ந்தாள். "புவாத் என்ட வயித்துல தங்கினது அந்த நார்சாவத் திண்டுதானே, மதினி."

"அது கடைப் பொரி."

"நீங்க புள்ள கேக்கத்தானே போன?"

"கேக்கத்தான் போன." றஸ்மியா பாயைப் பார்த்தாள். "வழியில மறந்து போச்சு."

பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோறு மூடியபடி ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

அடக்கம் முடிந்து வந்த ஜாபிர் வெளியே இருந்தே கேட்டார்: "நாளைக்கு எந்தக் கோச்சியில போக?"

"போக வாணாம்," என்றாள் நளீபா. "இங்கயே ஓதினா நல்லமாம், மதினி செல்றாங்க."

அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, றஸ்மியாவின் முழங்கால் படும்படி நெருங்கி உட்கார்ந்தாள்.  பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன குருவி?" என்றாள்.

"ஒண்டு இரிக்கி. வெள்ள. வால் நீட்டு."

"எவ்வளவு நீட்டு?"

றஸ்மியா வளையல் கழற்றிய கைகளை மடியிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினாள். பிறகு, போதாதென்று, இன்னும் கொஞ்சம் விரித்தாள்.