மூன்றாவது எடை

பன்னிரண்டரை மணி பஸ்ஸை நான் தவறவிட்டது ஓர் எடைக்காக.

அது அறுபத்திரண்டாம் வருஷம். திருச்சியில் பி.எஸ்ஸி. ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு தொட்டியத்தில். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனதிலிருந்து விடுதிப் பேச்சை எடுப்பதில்லை. அம்மா முன்னமே போய்விட்டாள். விடியுமுன் எழுந்து நானும் அக்கா ராசாத்தியும் அவரைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, வேட்டி மாற்றுவோம். ஐந்தரைக்கு பஸ். முசிறி தாண்டும்வரை தூங்குவேன். குணசீலத்தில் புத்தகத்தைத் திறப்பேன். திருவானைக்காவலில் கூட்டம் ஏறி, புத்தகத்தின் மேலேயே யாராவது பையை வைப்பார்கள். சாயங்காலம் மறுபடி இரண்டேகால் மணி நேரம். வந்ததும் அப்பாவுக்குக் கஞ்சி புகட்டுவது என் வேலை. அவசரப்பட்டால் புரையேறும். அவர் ஒரு வாய் விழுங்குவதற்குள் நான் குறிப்பேட்டில் ஒரு வரி படிப்பேன்.

பகல் முழுவதும் அக்காதான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். அந்த வருஷம் முசிறியில் ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அந்தத் தடவையை விட்டால் வயது தாண்டிவிடும். அப்பாவைத் தனியே விட முடியாது. ஒரு தடவை விட்டதில் கட்டிலிலிருந்து விழுந்திருந்தார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"பன்னெண்டரை பஸ்ஸைப் பிடிச்சுடுவியாடா?" என்று முதல் நாள் கேட்டாள்.

"லேப் பன்னெண்டுக்கு முடிஞ்சிடும்க்கா. ரெண்டே முக்காலுக்கு இங்க இருப்பேன்."

"மூணேகாலுக்கு எனக்கு பஸ்."

"தெரியும். என்னை அதட்டுற மாதிரி அங்க போய் அவங்களை அதட்டிடாதே."

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு என்பதால் நினைவிருக்கிறது.

அன்று லேபில் எடையறி சோதனை. குரூசிபிள் என்கிற சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வெள்ளைப் பொடியைச் சுட்டு, ஆறவைத்து, எடை போட வேண்டும். மறுபடி சுட்டு, மறுபடி ஆறவைத்து, மறுபடி எடை. இரண்டு எடையும் ஒத்துவந்தால்தான் முடிந்தது. ஆறுவதற்கு அரைமணி நேரம். அந்த அரைமணியில்தான் நான் தவறினேன். பஸ் நினைப்பில் பத்து நிமிஷத்திலேயே கிண்ணத்தை எடுத்துத் தராசில் வைத்துவிட்டேன். சூடு இருந்தால் எடை குறைத்துக் காட்டும். இது முதல் வகுப்பிலேயே சொல்லித்தந்த பாடம்.

இரண்டாவது தடவை முழுக்க ஆறவிட்டேன். எடை கூடியிருந்தது. சுடச்சுட எடை குறையலாமே தவிர ஏறாது. அப்போது மணி பதினொன்றே முக்கால்.

பக்கத்து மேஜையில் தாஜுதீன். பாலக்கரைக்காரன், நடந்தே வீட்டுக்குப் போய்விடுவான்.

"மாப்ளே, ரெண்டாவதையே இன்னொரு தடவை எழுதிட்டுக் கிளம்பு. தராசு என்ன வந்து சாட்சியா சொல்லப்போவுது?"

"பொய்க் கணக்குடா அது."

"அரிச்சந்திரன் பேரனா நீ? உங்க அக்கா காத்திருக்கும்."

எழுதியிருக்கலாம். எழுதாமலே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து, அடுத்த வியாழக்கிழமை மறுபடி செய்திருக்கலாம். பரீட்சைகூட இல்லை, வெறும் ரெகார்டு வேலை. ஆனால் நான் கிண்ணத்தைச் சுடும் விளக்கை மறுபடி ஏற்றினேன். அந்த ஒரு மணி நேரம் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். அக்காவை மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைவிருந்தது. எண் சரியாக வந்துவிடும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாவது எடை ஒத்துவந்தது.

இரண்டரை பஸ்ஸில் ஏறி, வீடு சேர்ந்தபோது ஐந்தாகப் போகிறது. அக்கா முசிறிக்குக் கிளம்பக் கட்டிய மாம்பழக் கலர்ப் புடவையிலேயே உட்கார்ந்து அப்பாவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். சான்றிதழ் உறை ஜன்னலில் இருந்தது.

"குணசீலத்துக்கிட்ட டயர் பஞ்சர்க்கா," என்றேன்.

கரண்டியை அப்பாவின் வாயில் சாய்த்து, அவர் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "கால் அலம்பிட்டு வா. சாப்பிடாம வந்திருப்பே," என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அப்பா இரண்டு வருஷம் கழித்துப் போனார். அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிறாள். நான் ஒரு கல்லூரியில் லேபில் சோதனை சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டராகி, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் வாடகைக்கு இருக்கிறேன்.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். மாணவர்களின் ரெகார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்தேன்.

"என்ன தப்பு அதுல?"

"எடை போடாமலே எழுதியிருக்கான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியும்க்கா."

கீரையை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. கீரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னைக்குப் பன்னெண்டரை பஸ் நேரத்துக்குத்தான் வந்துச்சு. வாசல்ல நின்னு நிறுத்திக் கேட்டேன். கண்டக்டர் வீரமலை அண்ணன், தம்பி ஏறலியேம்மான்னாரு. ஒருவேளை பின்னால வரியோன்னு மூணேகால் பஸ் போறவரைக்கும் நின்னேன்."

அப்படியானால் நான் பஞ்சர் என்று சொன்னபோதே அவளுக்குத் தெரியும். ஆறு வருஷம்.

"ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா மட்டும்?"

கீரைத் தண்டுகளை ஒதுக்கினாள். "நீ அங்க எதுக்காக நின்னே?"

சொன்னேன். கிண்ணம், பொடி, மூன்று எடை, எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

"எவ்வளவு வந்துச்சு?"

எனக்கு மனப்பாடமாக இருந்தது. புள்ளி மூன்று ஒன்று இரண்டு ஏழு கிராம். "முப்பத்தோரு சென்டிகிராம் சொச்சம்க்கா."

"அப்படின்னா?"

மேஜைமேலிருந்த உப்புக் கிண்ணத்திலிருந்து அந்த எடைக்கு ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு என் கையை மெல்லக் கவிழ்த்து, அந்த உப்பைக் கீரைப் பாத்திரத்தில் தட்டிவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.