மாமியார் பின்னிய ஸ்வெட்டர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே எக்ஸிமா. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் வறண்டு சிவந்து அரிக்கும். குளிர் தொடங்கியதும் மாமியார் ஆசையாகக் கம்பளி ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். கம்பளி தனக்கு ஆகாது என்று சொல்ல மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

மதியம் கூட்டமில்லை. வெளியே பனிமூட்டம். சாம்பல் வெளிச்சத்தில் அலமாரிக் கண்ணாடிகள் எல்லாம் மிதப்பது போலிருந்தது. கண்ணயர்ந்தார். எறும்புகள் சாரி சாரியாகக் கழுத்தில் ஏறின. தட்டிவிடப் போன கையை யாரோ பிடித்தார்கள். விழித்தால், டீ கொண்டுவந்த மாமியார்.

"தூக்கத்துலயே பிராண்டிக்கிறீங்க மாப்பிள்ளை! ரத்தமே வந்துடுச்சு. ஸ்வெட்டராலயா?"

"கொஞ்சம், அத்தை."

"சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

ஸ்வெட்டரைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாமியாரே கடையைப் பார்த்துக்கொண்டார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளித்த கடைக்காரர், சிவந்த இடங்களில் டாக்டர் தந்த களிம்பைத் தடவினார். ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மற்ற இடங்களில் கிரீமைப் பூசி, மெல்லிய பருத்திச் சட்டை போட்டுப் படுத்தார். அரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. மேகத்துக்குள் கிடப்பது போலிருந்தது.

மாலையில் மாமியார் அந்த ஸ்வெட்டரைத் தானே போட்டுக்கொண்டு வந்தார். அது முழங்கால்வரை தொங்கியது.

"எனக்கு நல்லா கதகதன்னு இருக்கு. உங்களுக்குப் பருத்தி நூல்ல பின்னலாம். நீலமா, பச்சையா?"

"பச்சை வேண்டாம் அத்தை, எனக்குப் பிடிக்காது."

மாமியார் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "அப்பாடா, வாயைத் திறந்துட்டீங்க!"