பொய் ஓட்டத்தில் ஒரு நிஜத் தூக்கம்

துர்காய்க்கு அலுத்துவிட்டது. சண்டை அலுக்கவில்லை, சண்டையைத்தான் இந்தத் தடவை இன்னும் கண்ணாலேயே பார்க்கவில்லையே. ஓடுவதுதான் அலுத்துவிட்டது. இரும்புச் சட்டை மாட்டிய மேற்கத்திக் குதிரைப்படை பின்னால் துரத்த, மங்கோலியர்கள் பயந்தவர்கள் மாதிரி முன்னால் ஓட, இந்தக் கூத்து எப்போது ஆரம்பித்தது என்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை. ஓடிய வேகத்தில் குதிரைகளின் நிழல்கள் கழன்று விழுந்து, கடைசியாகத் தாண்டிய ஆற்றுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டதாகச் சாதாய் சத்தியம் செய்தான். துர்காயின் கீழிருந்த வீரர்களில் நல்ல வில்லாளி சாதாய். அதைவிட நல்ல புளுகன்.

இப்படி ஓடி ஓடித்தான் அவர்கள் பாதி உலகத்தைப் பிடித்திருந்தார்கள். துரத்துகிறவன் ஜெயித்துவிட்டோம் என்ற குஷியில் சிதறி நீண்டு, அவன் குதிரை நுரை தள்ளும் நேரம் பார்த்துக் கறுப்புக் கொடி அசையும். அந்த நொடியே எல்லோரும் திரும்ப வேண்டும். அதுவரை ஓடியது பொய் ஓட்டம். கொடி அசைந்த பிறகும் ஓடினால் நிஜ ஓட்டம். பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவில் ஒருவன் நிஜமாக ஓடினால் பத்துத் தலையும் போகும்.

அப்படி ஒரு பத்துக்குத்தான் துர்காய் தலைவன். தன் தலைமேல் அவனுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஐம்பது வருடமாகச் சுமந்து கழுத்துதான் வலித்தது. ஆனால் மற்ற ஒன்பதில் ஒன்று அவன் மனைவியின் தம்பி ஓமோலுடையது. அதற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டும்.

சேணத்தில் உட்கார்ந்தபடி தூங்குவது எல்லோரும் செய்வதுதான். ஓமோல் மட்டும் குதிரைமயிர்க் கயிற்றால் தன்னைச் சேணத்தோடு சுற்றிக் கட்டிக்கொண்டு தூங்குவான். அவன் குறட்டையில் மேலே பறக்கும் நாரைகள் வழி தவறிப் போயின. அவனுடையது ஒரு வெள்ளைப் பெட்டைக்குதிரை. எந்தக் குதிரையும் தனக்கு முன்னால் போவது அதற்குப் பிடிக்காது. ஓட்டத்தில் எப்போதும் அதுதான் முதல். தங்கும் இடங்களில் துர்காய்தான் அதைப் பால் கறப்பான். "குரீ, குரீ" என்று பாடினால் உப்புக்கல் கிடைக்கும் என்று ஓடி வரும்.

"மாமா, கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கறேன்," என்றான் ஓமோல்.

"கொடி அசைஞ்சா?"

"சத்தம் கேட்டதும் முழிச்சிக்குவேன்."

"கொடிக்கு ஏதுடா சத்தம்?"

ஓமோல் அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தான்.

வெயில் சாயத் தொடங்கியபோது கொடி அசைந்தது. புழுதி ஒரு மலை உயரம் எழும்ப, ஆயிரக்கணக்கான குதிரைகள் திரும்பின. வெள்ளைக் குதிரை திரும்பவில்லை. முன்னால் யாரும் இல்லாத மகிழ்ச்சியில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, உன் மச்சான் போறான்," என்றான் சாதாய்.

"எங்க?"

"ஊருக்கு. நான் போய்ப் பிடிச்சிட்டு வரவா?"

"நீயும் போனா ரெண்டு பேரு ஓடினதா ஆகும்."

"எல்லாரும் போனா?"

"ஒண்ணுதான். எப்படியும் பத்துத் தலைதான்."

சாதாய் ஊளையிடும் அம்பு ஒன்றை ஓமோலின் தலைக்கு மேலாக விட்டான். செத்தவனை எழுப்பும் சத்தம் அது. ஓமோல் தலையைக் கொஞ்சம் சொறிந்துகொண்டான்.

வேறு வழியில்லை. போருக்கு நடுவில், முரசுகள் அதிர, துர்காய் களைத்த தொண்டையைத் திறந்து பாடினான். "குரீ, குரீ, என் கண்ணு, குரீ..."

பக்கத்துக் குழுவில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். "என்ன துர்காய், பால் கறக்கப் போறியா? எனக்கும் ஒரு கிண்ணம் வை."

தூரத்தில் இரண்டு வெள்ளைக் காதுகள் நிமிர்ந்தன. குதிரை திரும்பியது. உப்பை நினைத்து வந்த வேகத்தில் புல் இரண்டாக வகிடு பிரிந்தது. அது துர்காயை நெருங்கவும் மொத்த வரிசையும் பாயவும் சரியாக இருந்தது. எதிரே பார்த்தால் அத்தனை குதிரைகளும் தனக்கு முன்னால். அதற்குப் பொறுக்குமா? உப்பை மறந்தது, எல்லோரையும் தாண்டியது. கையில் ஆயுதம் இல்லாமல், தலை தொங்க, குறட்டையோடு ஓமோல் தனி ஆளாக எதிரிப்படைக்குள் புகுந்தான்.

இரும்புத் தொப்பி ஒன்று முகத்துக்கு நேரே வந்தபோதுதான் விழித்தான். பயத்தில் அவன் கத்திய கத்தலில் முன்வரிசையின் இரும்புச் சட்டைகளில் ஆணிகள் கழன்று விழுந்தன. அவர்களின் களைத்த குதிரைகள் மிரண்டு பின்னால் வந்தவர்கள்மேல் ஏறின. பின்னாலேயே மங்கோலிய அம்புகள் வந்தன. இறைச்சி வேகும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நூறு பேர் தலைவன் கெரேதாய் மெதுவாகக் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தான். அவன் கண் பருந்துக் கண். துர்காயின் கழுத்து தானாகவே சில்லிட்டது.

"கொடி அசைஞ்சப்புறம் உன் வெள்ளைக் குதிரைக்காரன் எதுக்குப் பின்னால போனான்?"

துர்காய் வாய் திறப்பதற்குள் சாதாய் முந்திக்கொண்டான். "நாணைப் பின்னால இழுக்காம எந்த அம்பு தலைவரே போகும்?"

கெரேதாய் சிரிக்கவில்லை. ஓமோலின் இடுப்பைச் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தான். "இது என்ன?"

பொய் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது துர்காய்க்கு. "தவறிக்கூட இறங்கி ஓடிடக் கூடாதுன்னு அவனே கட்டிக்கிட்டான் தலைவரே." பாதி நிஜம்தானே.

கெரேதாய் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். "இப்படி ஒருத்தனை நான் பார்த்ததில்லை," என்றான். "ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு படை வருது. நாளைக்கும் ஓடணும். ஓட்டத்துல கடைசி ஆளுங்க உன் பத்துப் பேருதான். எதிரி ஈட்டி எட்டற தூரத்துலயே ஓடிக் காட்டுங்க. இந்தக் கௌரவத்த எல்லாருக்கும் கொடுக்க மாட்டேன்."

"பெரிய கௌரவம் தலைவரே," என்றான் துர்காய்.

கெரேதாய் போனான். பத்துத் தலைகளும் இடத்திலேயே இருந்தன. துர்காய் உப்புக்கல்லைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டு, ஓமோலின் கட்டை அவிழ்க்கப் போனான். ஓமோல் மறுபடியும் தூங்கியிருந்தான்.

துர்காய் கட்டை அவிழ்க்காமல், தொங்கிக்கொண்டிருந்த மிச்சக் கயிற்றை அறுத்தெடுத்துத் தன் குதிரையில் ஏறித் தன்னையும் சேணத்தோடு கட்டிக்கொண்டான்.

"சாதாய், கொடி அசைஞ்சா எழுப்பு."

"சரிண்ணே," என்றான் சாதாய், கண்களைத் திறக்காமலே.