அம்சவல்லி கொண்டுவந்த இளநீர்

என் கணவரின் அக்கா அம்சவல்லி அண்ணி ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தார். கட்டைப் பையிலிருந்து முதலில் வெளியே எடுத்தது இளநீர். மூன்று காய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் என் கணவர் பாரியோடு செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தார்கள், அதற்கு முன் சின்ன மாமனார். சிறுநீரகம் செத்தவருக்கு இது விஷம் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

"சூளை சூடுதான் தம்பிய இப்புடி ஆக்கிடுச்சு. குளுச்சியா ரெண்டு வாய் குடிக்கட்டும் வளரு."

"இதுல இருக்குற உப்பு அவருக்கு வெளிய போவாது அண்ணி. ரத்தத்துலயே தங்கி நெஞ்ச நிறுத்திப்புடும். போன தடவையே சொன்னனே."

"எளநியில ஏதும்மா உப்பு? இனிச்சில்ல கெடக்குது."

நாம் கண்டதைத் தின்று கண்டதைக் குடிக்கிறோம். வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளும் வேலையை உள்ளே இரண்டு சிறுநீரகங்கள் சத்தமில்லாமல் பார்க்கின்றன. பாரிக்கு அதைப் பெரியாஸ்பத்திரி மெஷின் வாரம் இரண்டு நாள் செய்கிறது. மற்ற நாளெல்லாம் உள்ளே போனது உள்ளேதான். தண்ணீர்கூட நான் அளந்து வைப்பதுதான். சூளை வாயில் நின்று குடம் குடமாகக் குடித்த மனுஷன்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணி ஒரு காயைச் சீவி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"ஒரே ஒரு வாய், வளரு," என்றார் பாரி.

பிடுங்கி நானே குடித்தேன். அடுத்ததையும் சீவிக் குடித்தேன், அதற்கடுத்ததையும். கழுத்தெல்லாம் வழிந்தது. அண்ணி அழுதுகொண்டே எழுந்தார்.

"அப்பறம் நான் என்னத்ததான் கொண்டாறது?"

"வெறுங்கையோட வாங்க."

அவர் போய்விட்டார். பாரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் தீரவில்லை. அண்ணி மேல், கெஞ்சிய இவர் மேல், இப்படி ஒரு தாகத்தை வைத்த கடவுள் மேல்.

கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முட்டியது. எங்கள் கக்கூஸுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஆடி மாசத்திலிருந்து அவருக்கு ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. சத்தம் கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டேன். வாளியில் தண்ணீர் விழுந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அவர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

சட்டென்று குழாயை மூடினேன். பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. வீடு முழுக்க அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.