டேமுக்குள் எரிந்த விளக்கு

திருகோணமலையில் புறப்பட்ட வேன் மகியங்கனையைத் தாண்டும் வரைக்கும் அலவி நானா தண்ணீருக்கடி விளக்குகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வேறு எதைப் பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் அவருடைய கடையில் ஜோன்சன்தான் முதல் சுழியோடி. அவனுடைய தம்பி பிலிப்பு, மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்து டேமுக்குள் மூழ்கிக் கிடந்தான்.

"உன்ட எல்.ஈ.டி. கடலுக்குச் சரி. சேத்துத் தண்ணிக்கு என்ட பழைய எச்.ஐ.டி. லைட்டுதான்."

மற்ற நாளாக இருந்தால் ஜோன்சன் விட்டிருக்க மாட்டான். உங்க கிழட்டு லைட்டு பத்தவே நேரம் எடுக்கும், கீழே விழுந்தால் பல்ப் போகும், ஒருதரம் அணைத்தால் சூடு ஆறும்வரை திரும்ப எரியாது, என்னுடையது தட்டினவுடன் எரியும், மணிக்கணக்காக நிற்கும் என்று வாய் ஓயாமல் சண்டை போட்டிருப்பான். அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதுளையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஜெயராசா முதலாளியின் மகன் பிரதீஷ், கூட்டாளிகளோடு டேமில் குளிக்க வந்திருக்கிறான். நடுவில் போய்க் கையைத் தூக்கியிருக்கிறான். மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த பிலிப்பு, புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுக் குதித்திருக்கிறான். இரண்டு பேருமே மேலே வரவில்லை. முதலாளி யார் யாரையோ விசாரித்து அலவி நானாவைப் பிடித்தார். அதற்குள் ஜோன்சனுக்கும் அவனுடைய அம்மா குடியிருக்கும் தோட்டத்து லயத்திலிருந்து போன் வந்துவிட்டது.

டேமின் ஒரு கரையில் வாகனங்களும் கதிரைகளும் இருந்தன. மறுகரையில் லயத்துச் சனம். ஜோன்சனின் அம்மா மரியகொரட்டி வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். மகனைக் கண்டதும் எழும்பவில்லை. தண்ணீரை மட்டும் கையால் காட்டினாள்.

அலவி நானாவுக்குக் காது பழுதாகி நாளாகிவிட்டது, தண்ணீருக்குள் இறங்க முடியாது. அவர் கரையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மலைத் தண்ணி, மேல வரக்குள்ள கடல்ல வாறத விட மெதுவா வா," என்றார்.

ஜோன்சன் தன் விளக்கோடு இறங்கினான். தண்ணீர் தேயிலைச் சாயமாக இருந்தது. அடியைத் தொட்டதும் சேறு கிளம்பியது. எல்.ஈ.டி.யின் அகன்ற ஒளி அந்தத் தூசியில் பட்டு அவன் முகத்துக்கே திரும்பி வந்தது. பசறை வளைவில் பனிமூட்டத்துக்குள் லொறிக்காரன் பெரிய லைட்டைப் போட்டது மாதிரி எங்கும் வெள்ளை. மேலே வந்து, "ஒண்ணும் தெரியல நானா," என்றான். நானா தன் விளக்கைக் கொடுத்தார்.

எச்.ஐ.டி. முதலில் மங்கலாக எரிந்து பிறகு தெளிந்தது. கம்பிபோல ஒரே நேராகச் சேற்றைக் குத்திக்கொண்டு போனது ஒளி. அதன் முனையில் மூழ்கிப்போன ஒரு மரத்தின் கிளைகள். கிளைகளுக்கிடையே நீலச் சட்டை. போன நத்தார்ப் பண்டிகைக்கு ஜோன்சன் எடுத்துக் கொடுத்த சட்டை.

அவன் மேலே வந்து வாய்க்கருவியைக் கழற்றினான். "கெடச்சிருச்சு."

முதலாளி ஓடி வந்தார்.

"என் தம்பி," என்றான் ஜோன்சன். "மரத்துல மாட்டியிருக்கான். வெட்டித்தான் எடுக்கணும்."

முதலாளி அப்படியே நின்றார். பிறகு தணிந்த குரலில், "தம்பி, பாவந்தான். ஆனா ஒங்களக் கூட்டியாந்தது நான். எம் மகன மொதல்ல எடுங்க. அவங்க அம்மா வண்டிக்குள்ள மயங்கிக் கெடக்கா," என்றார்.

அலவி நானா எச்.ஐ.டி.யின் பெட்டரியைப் பார்த்தார். "ஒரு சுத்துக்குத்தான் தாங்கும். மரத்த வெட்டிக்கிட்டு நின்டா அவரோட மகனத் தேட ஏலாது." அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அவங்கதானே கூப்பிட்டது, ஜோன்சன்."

ஜோன்சன் முடியாது என்று சொல்வான் என்று அவர் எதிர்பார்த்தார் போலிருந்தது. கயிற்றைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். மறுகரையில் அம்மா இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோன்சன் இரண்டு விளக்குகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

எல்.ஈ.டி.யை எரியவிட்டு, பிலிப்புவின் தோளுக்குப் பக்கத்துக் கிளையில் கட்டினான். கொஞ்சம் இருடா, வந்திர்றேன் என்று மனதுக்குள் சொன்னான். பிறகு எச்.ஐ.டி.யோடு விலகிப் போனான்.

பிரதீஷ் ஆழத்தில் ஒரு பழைய கல்லணைக்கு அருகே கிடந்தான். அவனை இழுத்துக்கொண்டு வருகையில் அடிச்சேறு முழுவதும் கொதித்தது போல் எழும்பியது. கரைக்கு வருமுன்னே எச்.ஐ.டி. இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. கரையில் அழுகை வெடித்தது. முதலாளி கைகூப்பினார். வாகனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

ஜோன்சன் மறுபடியும் இறங்கினான். கட்டிவிட்டு வந்த விளக்கு வழிகாட்டும் என்று நம்பியிருந்தான். ஆனால் அவன் கிளப்பிவிட்ட சேற்றுக்குள் அந்த வெளிச்சம் பால் கலக்கியது போல எல்லாப் பக்கமும் ஒன்றாகப் பரவியிருந்தது. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வெளிச்சத்துக்குள்ளேயே நீந்தினான், வெளிச்சத்தைக் காணவில்லை. சிலிண்டரில் காற்று குறைந்தது. மேலேயிருந்து நானா கயிற்றை விடாமல் இழுத்தார். பொழுது சாய்கிறது, இனி நாளைக்குத்தான் என்று பொலிஸ்காரர் சொல்லிவிட்டார்.

மறுநாள் கடையில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று அலவி நானா கிளம்பினார். ஒரு சிலிண்டரை விட்டுவிட்டு, எச்.ஐ.டி.யைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உன்ட லைட் கெடச்சா எடுத்து வை," என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார். ஜோன்சன் வேன் கதவைச் சாத்திவிட்டான்.

விடிந்ததும் தனியாக இறங்கினான். கரையில் லயத்து ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். சேறு படிந்திருந்தது, ஆனால் கீழே ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. எல்.ஈ.டி. எரிந்து ஓய்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டவன் போல அடியெல்லாம் தடவித் தடவிப் போனான். கடைசியில் துணி கையில் பட்டது.

கரையில் மரியகொரட்டி, பிலிப்புவின் காதிலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். யாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

"நேத்தே பாத்தியாமே?"

"ஆமாம்மா."

"பாத்துட்டு விட்டுட்டா வந்த?"

"லைட்டு கட்டி வச்சிட்டுத்தாம்மா வந்தேன்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "அவனுக்கு எதுக்குடா லைட்டு?"

சாயந்தரம் பிலிப்புவின் பெட்டியைத் தூக்க நாலு பேர் வந்து நின்றபோது ஜோன்சன் முன்கொம்பைத் தோளில் வாங்கப் போனான். அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "நீ தூக்க வேணாம். அடுத்த லயத்து ஆளுங்க இருக்காங்க."

அவன் விலகி வழிவிட்டான். பெட்டி தேயிலை மலை ஒற்றையடிப் பாதையில் ஏறியது. கூட்டம் முழுவதும் போன பிறகு, கடைசி ஆளாகப் பின்னால் நடந்தான்.